நகரத்திலேயே சுத்தமான தண்ணீர்

மூத்த மகளை மயானத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த ஒன்பதாம் நாள் காலை, கைகழுவும் குழு பைண்டரின் வீட்டுக்கு வந்தது.

குழுவில் நான்கு பேர். ஒருவர் பேசுவார், ஒருவர் பை தூக்குவார், ஒருவர் படம் எடுப்பார், நான்காமவர் மற்ற மூவரும் வந்தார்கள் என்று கையெழுத்துப் போடுவார். பையிலிருந்து முழங்கை நீளத்துக்கு இரண்டு ரப்பர் கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். நகங்கள் வெட்டிய, நல்ல சிவந்த கைகள். பைண்டரின் மனைவி எட்டு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி நின்றாள்.

"இந்த வீட்டுல ஒரு குழந்தை தவறியிருக்கு. சரிதானேம்மா?"

"ஆமாங்க."

"வயித்துப்போக்கு?"

"ஆமாங்க."

"கை கழுவுவீங்களா?"

"கழுவுவோம்."

"எத்தனை படி?"

அவளுக்கு விளங்கவில்லை. கணவனைப் பார்த்தாள். அவருக்கும் விளங்கவில்லை.

"கை கழுவறதுல ஆறு படி இருக்கும்மா. நீங்க எத்தனை படி கழுவுவீங்க?"

"முழுசா கழுவுவேங்க."

"முழுசுன்னு ஒரு படி இல்லை" என்றார் பேசுபவர், வருத்தத்துடன். நான்காமவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு செய்முறை. குழாயைத் திறந்தார்கள். குழாய் இரண்டு முறை இருமிவிட்டு, பழுப்பாக ஊற்றியது. அறை முழுக்க வாடை எழுந்தது. படம் எடுப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படம் எடுத்தார்.

"தண்ணி இப்படித்தாங்க வருது. அஞ்சு வாரமா" என்றாள் மனைவி.

"நிறம், வாடை ரெண்டும் எங்க பிரிவு இல்லைம்மா. எங்களுது கை மட்டும். நீங்க கழுவுங்க."

அவள் குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் ஆறு படியும் கழுவினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு டிக். முடிந்ததும் கைதட்டினார்கள். வாசற்கதவில் 'இந்த வீட்டாருக்கு ஆறு படியும் தெரியும்' என்று பச்சைத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அவள் இன்னொரு தடவை கை கழுவிவிட்டுத்தான் குழந்தையை வாங்கினாள்.

பைண்டர் அதிகம் பேசாதவர். அச்சகத்துக்குப் பின்னாலிருந்த ஒரு சின்ன அறையில் பேரேடுகளையும் பழம் புத்தகங்களையும் தைத்து, பசை தடவி, அழுத்துக் கட்டையில் வைப்பது வேலை. தைப்பதற்கு முன் எதையும் ஒரு பக்கமாவது படித்துவிடுவது பழக்கம். மகள் போன பிறகு படித்தது எதுவும் உள்ளே போகவில்லை. காதில் பஞ்சு அடைத்ததுபோல் எல்லாம் எட்டத்தில் கேட்டது. அழுகை வரவில்லை. வரும், வந்தால் லேசாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் காத்திருந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சின்னவள் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. இதுவரை தாய்ப்பால். இப்போது தவழ ஆரம்பித்துவிட்டாள். தரையைத் துடைத்த ஈரத்தில் கை வைப்பாள், கையை வாயில் வைப்பாள். காய்ச்சிய தண்ணீரிலேயே வீட்டைக் கழுவி, துணி துவைத்து, குளிப்பாட்டி எத்தனை நாள் ஓட்டுவது?

கோளாறு எங்கே என்பது தெருவுக்கே தெரியும். நகராட்சியில் குழாய் திறந்து மூடுகிறவர்தான் முதலில் சொன்னார். அவரை எல்லோரும் வால்வு என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் மனைவியே அப்படித்தான் அழைத்தாள்.

"மூணாவது வீட்டு வாசல்லண்ணே. சாக்கடைக் குழாயும் தண்ணிக் குழாயும் ஒரே குழியில அண்ணன் தம்பி மாதிரி படுத்துக் கெடக்கு. மேல இருக்கிறது சாக்கடை. ரெண்டுலயும் ஓட்டை. நான் வால்வை மூடினதும் தண்ணிக் குழாய் காலியாகுமில்ல, அப்ப மேல இருக்கிறதை உறிஞ்சிக்கும். மறுபடி திறந்தா உங்க வீட்டுக்கு வரும்."

"சரி பண்ண எவ்வளவு நேரம் தம்பி?"

"தோண்டி, வெட்டி, புதுசு மாட்ட ரெண்டு ரெண்டரை மணி நேரம். ஆனா தோண்டும் உத்தரவு இல்லாம நான் தெருவுல ஒரு கல்லைக்கூடத் தூக்க முடியாது."

"உத்தரவு யார் தருவாங்க?"

"தூய்மை அலுவலகத்துல. ஆனா அங்க மனு எழுதிக் குடுக்க நீங்க படிச்சவரா இருக்கணும்" என்றார் வால்வு.

*

நகர்த் தூய்மை அலுவலகம் மிகச் சுத்தமாக இருந்தது. வாசலிலேயே செருப்புக்கு மேல் நீல உறை மாட்டினார்கள். கையில் ஏதோ குளுகுளுவென்று ஊற்றினார்கள். நடைபாதையில் ஒரு கழிப்பறை; அதன் கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டி, 'சிறந்த கழிப்பறை, மூன்றாம் ஆண்டாக' என்று எழுதியிருந்தது. யாரும் உள்ளே போகாததால்தான் அந்தப் பரிசு நிலைத்தது என்று காவலாளி பெருமையாகச் சொன்னார். ஊழியர்கள் அவசரத்துக்கு எதிரே இருந்த பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள்.

சுகாதார அதிகாரி நல்லவர். நாற்காலியில் உட்காரச் சொன்னார். பெரிய பதிவேடு ஒன்றைத் திறந்து, மகளுடைய பதிவைக் காட்டினார். பைண்டர் குனிந்து பார்த்தார். ஓரம் விடாமல் தைத்திருந்தார்கள். பெயர் எழுதும் கட்டம் தையலுக்குள் போய், மகளின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகள்தான் வெளியே தெரிந்தன; பக்கத்துக் கட்டத்தில் வயது மட்டும் முழுதாக இருந்தது: மூன்று வயது, நான்கு மாதம். அரை அங்குலம் விட்டிருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்கு மேல் ஒன்றும் நினைக்க முடியவில்லை.

"எங்களுக்கும் ரொம்ப வருத்தம்தாங்க. ஆனா தண்ணியாலன்னு மனுவுல எழுதியிருக்கீங்களே, அது தப்பு. டாக்டர் சான்றிதழ்ல என்ன இருக்கு? நீரிழப்பு. அதாவது உடம்புல தண்ணி இல்லை. தண்ணி இல்லாததால நடந்த விஷயத்துக்குத் தண்ணிதான் காரணம்னு எழுதினா, கோப்பு எப்படிங்க நகரும்?"

"அசுத்தத் தண்ணி குடிச்சுதான் சார் வயித்தால போச்சு. போனதாலதான் உடம்புல தண்ணி இல்லாமப் போச்சு."

"அது உங்க கருத்து. நான் மதிக்கிறேன். ஆனா மூணு வருஷமா இந்த நகரத்துல தண்ணியால ஒரு குழந்தைகூடப் போகல. பாருங்க." பக்கங்களைப் புரட்டினார். "நீரிழப்பு, நீரிழப்பு, காய்ச்சல், நீரிழப்பு, நீரிழப்பு. இந்தப் பக்கம் பூரா நீரிழப்பு. தண்ணின்னு ஒண்ணு காட்டுங்க, நான் இந்த வேலையையே விட்டுடறேன்."

பைண்டர் பார்த்தார். காட்ட முடியவில்லை.

"சின்னவ ஒருத்தி இருக்கா சார். குழாயைச் சரி பண்ணினா போதும்."

"தாராளமா! யார் வேண்டாம்னா? தண்ணி கெட்டிருக்குன்னு ஆய்வகத்துல ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே தோண்டும் உத்தரவு. நானே கையெழுத்துப் போடறேன்."

வெளியே வரும்போது பைண்டருக்கு நம்பிக்கை மாதிரி ஏதோ ஒன்று வந்தது. பழக்கம் விட்டுப்போயிருந்ததால் அது இன்னதென்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

*

மறுநாள் ஒரு பாட்டில் நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முகக்கவசம் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாட்டிலைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, அங்கயே நில்லுங்க. மூடியைத் திறக்காதீங்க. அது அசுத்தத் தண்ணியா?"

"ஆமாம்மா. அது அசுத்தமான்னு பார்க்கத்தான்."

"அசுத்தத் தண்ணியை உள்ள கொண்டு வரக் கூடாதுண்ணே. எங்க ஆய்வகத்துக்குத் தூய்மைச் சான்று இருக்கு. கிருமி உள்ள வந்தா சான்று போயிடும். சான்று போனா நாங்க எந்தத் தண்ணியையும் சோதிக்க முடியாது." சுவரைக் காட்டினாள். விதிமுறைகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. சோதனைக்கு வரும் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, இருபது நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவைத்து, சுத்தமான பாட்டிலில் கொண்டு வர வேண்டும்.

"கொதிக்க வெச்சா கிருமி செத்துடுமே தாயி."

"அதுக்குத்தானேண்ணே கொதிக்க வைக்கிறது."

அந்தப் பெண் கவசத்தைச் சற்று இறக்கி, சன்னமாகச் சொன்னாள்: "எனக்குத் தெரியாம இல்லண்ணே. நானும் உங்க பக்கத்துத் தெருதான். என் பையனுக்கு ரெண்டு தடவை வந்து போச்சு. ஆனா உயிருள்ள கிருமியோட ஒரு பாட்டில் உள்ள வந்த நாள்ல எனக்கு முன்னாடி இருந்தவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க." மறுபடி கவசத்தை ஏற்றிக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "கொதிக்க வெச்சுக் கொண்டு வாங்க!"

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "அப்படியாவது ஒரு வரி எழுதுவாங்களாங்க?" என்று மட்டும் கேட்டாள். அடுப்பில் ஏற்றினாள். இருபது நிமிடத்தில் இறக்க அவளுக்கு மனம் வரவில்லை. எந்தப் பாத்திரத்தையும் முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து இறக்குவதை அவள் விட்டிருந்தாள். நான்காக மடித்த பருத்தித் துணியில் இரண்டு தடவை வடிகட்டினாள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அந்தத் தெருவின் தண்ணீரில் கிருமி இல்லை, மண் இல்லை, நிறம் இல்லை. அது மட்டுமில்லை. அந்த ஆண்டு ஆய்வகத்துக்கு வந்த அறுநூற்றுப் பதினெட்டு பாட்டில்களில், இவர்களுடையதுதான் முதலிடம். மற்ற வீடுகளில் இருபது நிமிடத்தோடு நிறுத்திவிட்டிருந்தார்கள்.

*

விழாவுக்குத் தேதி குறித்தார்கள். 'முன்மாதிரித் தண்ணீர்த் தெரு' என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். மேடை போட சமமான இடம் மூன்றாவது வீட்டு வாசல்தான் என்று தீர்மானமாயிற்று. அங்கே தரை சொதசொதவென்று ஈரமாக இருந்ததால் பலகை போட்டு, பலகைமேல் கம்பளம் விரித்தார்கள். மேடை விருந்தினர்களுக்கு வெளியூரிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாட்டில் தண்ணீர் வந்திறங்கியது.

"அண்ணே, உங்க வீட்டம்மா சமையல் கெட்டிக்காரங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். தண்ணியைக்கூடப் பரிசு வாங்கற அளவுக்கு வேக வெப்பாங்கன்னு தெரியாமப் போச்சு" என்றார் வால்வு. சொல்லிவிட்டு, பைண்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கண்ணே."

"பரவாயில்லை தம்பி. நல்லாத்தான் இருக்கு" என்றார் பைண்டர். உண்மையாகவே நன்றாக இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

நகராட்சி ஆணையர் பேசினார்.

"நான் பொறுப்பேற்றபோது இந்த நகரத்துல மாசத்துக்கு நானூறு புகார் வரும். தண்ணி நாறுது, தண்ணி கறுப்பா வருதுன்னு. நான் முதல் வேலையா என்ன செஞ்சேன் தெரியுமா? அந்தப் புகார்ப் பெட்டியை எடுக்கச் சொன்னேன். இன்னைக்கு ஒரு புகார் உண்டா? கேட்டுப் பாருங்க. நம்ம ஆய்வகத்துக்குள்ள மூணு வருஷமா ஒரு சொட்டு அசுத்தத் தண்ணி நுழைஞ்சதில்லை. சில பேர் சொல்றாங்க, சாக்கடையை மூடுங்க, குழாயை மாத்துங்கன்னு. குழாய் மண்ணுக்குள்ள இருக்கு. யார் பார்க்கப் போறா? கை வெளியில இருக்கு. அதனாலதான் நாம கையில கவனம் செலுத்தறோம். குழந்தைங்க நம்ம எதிர்காலம். அதனாலதான் அவங்களுக்கான வேலையையெல்லாம் எதிர்காலத்துக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கோம்!"

கைதட்டல். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது: ஆணையர் தம் கையால் தெருவின் குழந்தை ஒன்றுக்குத் தெருவின் தண்ணீரைப் புகட்டுதல். எந்தக் குழந்தை என்பதும் அச்சாகியிருந்தது. முதலிடம் பெற்ற பாட்டிலை அனுப்பிய குடும்பத்தின் குழந்தை.

சுகாதார அதிகாரி பைண்டரின் மனைவியைக் கைபிடிக்காத குறையாக மேடைக்கு ஏற்றினார். கண்ணாடிக் குவளையில் அப்போதுதான் பிடித்த தண்ணீர். அன்று காலையிலிருந்து வால்வு குழாயை மூடவே இல்லை. அதனால் தெளிவாகத்தான் தெரிந்தது. அடியில் மட்டும் மெல்லிய நூல்போல் ஏதோ சுழன்றது. சின்னவள் பளபளப்பைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மனைவி அப்படியே நின்றாள். பின்வாங்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

பைண்டர் மேடைமேல் ஏறினார். ஆணையரின் கையிலிருந்து குவளையை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். மூன்று மடக்கில் குடித்து முடித்து, காலிக் குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னங்க, நீங்க குடிச்சிட்டீங்க? குழந்தையில்ல குடிக்கணும்!" என்றார் அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு. "பெரியவங்க குடிச்சா நிகழ்ச்சியில சேராது. வேற குழந்தையைக் கூப்பிடுங்கய்யா."

கூப்பிட்டார்கள். அந்தத் தெருவில் இருபத்தேழு குழந்தைகள். ஒன்றுகூட வரவில்லை. மாடி வீட்டு அக்கா வாசலில் கைகட்டி நின்று, "தூங்குது" என்றாள். அடுத்த வீட்டிலும் தூங்கிற்று. காலை பதினோரு மணிக்குத் தெருவிலிருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே சமயத்தில் தூங்கின. கடைசியில் ஆணையர் ரப்பர் கைகளோடு படம் எடுத்துக்கொண்டார்.

போகும்முன் மூன்றாவது வீட்டுச் சுவரில் ஒரு கல் பதித்தார்கள். முன்மாதிரித் தெரு என்பதால், மூன்று ஆண்டுகளுக்கு இங்கே யாரும் எதற்காகவும் தோண்டக் கூடாது என்று அதில் செதுக்கியிருந்தது.

*

பைண்டர் நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் எழுந்தபோது சின்னவளுக்கு ஆரம்பித்திருந்தது.

முதலில் இரண்டு தடவை. மதியத்துக்குள் ஏழு. மனைவி உப்பும் சர்க்கரையும் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கும் இதே ஸ்பூன்தான். குழந்தை அழுதது; கண்ணீர் வந்தது. கண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை பயமில்லை என்று மருத்துவமனையில் நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் அவள் குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தரையைக் காய்ச்சின தண்ணியிலதாங்க துடைச்சேன்" என்றாள். "என்னங்க, நான் காய்ச்சினதுலதான் துடைச்சேன்."

"தெரியும்மா."

அவர் வெளியே போனார். மாடி வீட்டில் கடப்பாரை ஒன்று இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்றாவது வீட்டு வாசலில், கல்லுக்கு நேர் கீழே, முதல் குத்துக் குத்தினார். பட்டப்பகல். வெயில் சுள்ளென்று அடித்தது.

புத்தகம் தைக்கிற கைக்குக் கடப்பாரை பிடிபடவில்லை. கால் மணி நேரத்தில் மாடி வீட்டு அக்கா ஒரு மண்வெட்டியோடு இறங்கி வந்து, "தள்ளுங்க, நீங்க புத்தகம் தைக்கறீங்களா, மண்ணு வெட்டறீங்களா?" என்றாள். மூன்றாவது வீட்டுக்காரரும் வந்தார். வால்வு சைக்கிளில் வந்து இறங்கி, குழிக்கு ஓரமாக, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் தொடமாட்டேண்ணே. நான் நகராட்சி ஊழியன். ஆனா வழியில போறவன் வாய்விட்டுப் பேசக் கூடாதுன்னு சட்டமில்லை. இன்னும் ஒரு சாண் இடதுபக்கம். மெதுவா. அக்கா, மெதுவா! அதோ தெரியுது பாருங்க."

தெரிந்தது. மேலே உடைந்த சாக்கடைக் குழாய். கீழே துருப்பிடித்த இரும்புக் குழாய். அதில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பைண்டர் அந்த ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வால்வு வாயாலேயே குழாயை வெட்ட வைத்தார், வாயாலேயே புதுத் துண்டை மாட்ட வைத்தார். தண்ணீரை நிறுத்தவேண்டிய கட்டம் வந்தபோது மட்டும் சற்றுத் தூரம் நடந்துபோய்விட்டு வந்தார். சாவி தானாகவே திரும்பியது என்று பிற்பாடு எழுதிக் கொடுக்கப்பட்டது. சாக்கடைக் குழாயைத் தள்ளி வேறு குழியில் இறக்கி, மண்ணைப் போட்டு மூடியபோது மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை குழாய் இருமவில்லை. மூன்றாம் நாள் சின்னவளுக்கு நின்றது. ஒரு வாரத்தில் பழையபடி தரையெல்லாம் தவழ்ந்தாள்.

*

அலுவலகம் சும்மா இருக்கவில்லை. தெருவின் தண்ணீரை மறுபடி சோதித்தது. இம்முறை பாட்டிலைப் பார்த்த ஆய்வகப் பெண் எழுந்து நிற்கவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்ததால், கொதிக்க வைக்கச் சொல்லவேண்டும் என்பதையே மறந்துவிட்டாள், அல்லது மறந்ததாகச் சொன்னாள். பச்சைத் தண்ணீரைக் காய்ச்சிய தண்ணீர்களோடு சேர்த்துத் தர வரிசை போட்டதில், முதலிடத்திலிருந்த தெரு அறுநூற்றுப் பதினாலாவது இடத்துக்கு இறங்கியது. அனுமதியின்றித் தோண்டியதால் நகரத்திலேயே சுத்தமான தண்ணீர் கெட்டுவிட்டது என்று அறிக்கை சொன்னது. கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பைண்டருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

போனார். நீல உறை மாட்டிக்கொண்டார். எழுத்தர் ஒருவர் படிவத்தை நீட்டினார். தோண்டியவர் யார் என்ற இடத்தில் தன் ஒருவர் பெயரை மட்டும் எழுதினார். தோண்டிய நாள், நேரம், ஆழம் எல்லாம் எழுதினார். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: காரணம், ஒரு வரிக்கு மிகாமல்.

பைண்டர் கட்டத்தின் அகலத்தைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

எழுத்தர் படித்தார். "மூணு வயசு, நாலு மாசம்." தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது வயசு. காரணம் எங்கங்க?"

"அவ்வளவுதாங்க" என்றார் பைண்டர்.

எழுத்தர் நல்ல மனிதர்தான்; கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஸ்கேல் வைத்து அந்த வரியை நேராக அடித்துவிட்டு, அதன் மேலேயே அழகான எழுத்தில் எழுதினார்: காரணம் எதுவும் கூறப்படவில்லை.